அளக்காத எண்

"சிம்ரன்" என்று நர்ஸ் கூப்பிட்டதும் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்தேன். தாடி மழிக்காத முகம், தோளில் ஒரு குழந்தை. பின்னால் யாரோ சிரித்தார்கள். பழகிவிட்டது.

குழந்தையின் பெயர் இனியா. பிறந்த ஆஸ்பத்திரியில் போட்ட அட்டையில் 'சிம்ரன் குழந்தை' என்று இருந்தது. அதன் பிறகு போன இடங்களிலெல்லாம் அதையே ஏற்றிக்கொண்டார்கள். கூட்டம் அதிகமான நாட்களில் நர்ஸ் 'குழந்தை'யை விட்டுவிட்டு அம்மா பெயரை மட்டும் கூப்பிடுவார். அம்மா, குழந்தை பிறந்த அதே வாரத்தில் இறந்துவிட்டாள். அது நர்ஸுக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை.

டாக்டர் கலைவாணி கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார்.

"போன தடவை பாயிண்ட் எட்டு. இப்போ ஒண்ணு பாயிண்ட் நாலு."

அது கொழுப்பின் அளவு. சாப்பிடாமல் இருக்கும் நேரத்தில் உடம்பு, தான் சேர்த்துவைத்த கொழுப்பை எரித்து ஓடும். இனியாவின் உடம்பில் அந்த எரிக்கும் வேலையில் ஒரு படி இல்லை. பிறவியிலேயே இல்லை. பாதி எரிந்த கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் தேங்கும். விரலில் குத்தி, தடித்த காகித அட்டையில் நாலு வட்டங்களில் ரத்தத்தை ஊறவைத்து அனுப்பினால், எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று அளந்து சொல்வார்கள். எண் ஏறினால் நோய் முற்றுகிறது என்று அர்த்தம். ஈரல், இதயம், பிறகு கண்.

எண்ணை இறக்கி வைக்க இரண்டே வழி. மூன்று மணி நேரத்துக்கு மேல் வயிறு காலியாக இருக்கக் கூடாது. சாதாரண எண்ணெய், நெய், பால் கொழுப்பு எதுவும் சேரக் கூடாது. அதற்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் ஒரு தனி எண்ணெயை, கொழுப்பு நீக்கிய பால் மாவில் கலந்து கொடுக்க வேண்டும். இதைக் கேட்டதும் என் அத்தை, அப்படியென்றால் தேங்காய் எண்ணெயையே ஊற்றிவிடலாமே, வீட்டில்தான் இருக்கிறதே என்றாள். அதைப் புரியவைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

"நடுவுல காய்ச்சல் வந்துச்சா? வாந்தி?" என்று டாக்டர் கேட்டார். "ஒரு நாளாவது பட்டினியா இருந்தாளா?"

எனக்குத் தெரிந்து இல்லை என்றேன்.

"நீங்க வேலைக்குப் போனா யாரு பார்த்துக்கிறாங்க?"

"அத்தை."

அவர் தலையாட்டினார். அடுத்த முறை அத்தையையும் கூட்டிவாருங்கள் என்றார். நான் சரி என்றேன். கூட்டிவரும் எண்ணம் இல்லை.

எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. வண்டிகளுக்கு ஷாஃப்ட், அதாவது சுழலும் இரும்புத் தண்டு, செய்யும் கம்பெனி. நான் குவாலிட்டியில் இருக்கிறேன். ஷாஃப்ட்டை மைக்ரோமீட்டரில் பிடித்து, வரும் எண்ணை எழுதுவதுதான் நாள் முழுக்க. சேர்ந்த புதிதில் அங்கே சொல்லித்தந்தது ஒன்றே ஒன்று. அளக்காத எண்ணை எழுதாதே. அவசரத்தில் பத்து ஷாஃப்ட்டை அளந்துவிட்டுப் பதினோராவதற்குக் குத்துமதிப்பாக எழுதத் தோன்றும். எழுதினால் வேலை போகும். நான் எழுதியதில்லை.

ஆகவே ஒண்ணு பாயிண்ட் நாலு என்றால் ஒண்ணு பாயிண்ட் நாலுதான். எங்கோ ஒரு நாள் குழந்தை பட்டினி கிடந்திருக்கிறது.

அத்தை என்று நான் சொல்வது சொர்ணத்தை. என் அப்பாவின் தங்கை. சிம்ரனின் அம்மா. என் அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்குச் சோறு போட்டவள். பாரிவாக்கத்தில் அவளுடைய இரண்டு அறை வீட்டில்தான் நாங்களும் இருக்கிறோம். அவள் கணவர் துலுக்கானம் மாமா, குமணன்சாவடியிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மகளுக்குத் தன் அம்மா பெயரை வைக்க வேண்டும் என்று அத்தை சொல்லியிருக்கிறாள். பெயரைப் பதியப் போனவர் வழியில் ஒரு படம் பார்த்துவிட்டுப் போய்ப் பதிந்திருக்கிறார். அதிலிருந்து ஒரு மாதம் அவருக்கு அந்த வீட்டில் மீன் குழம்பு கிடையாது. இந்தக் கதையைச் சிம்ரன்தான் அடிக்கடி சொல்வாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, நல்லவேளை மாமா, எங்க பாட்டி பேரு முனியம்மா என்பாள். உடம்பெல்லாம் கொழுப்பு உனக்கு என்பேன். இப்போது அந்தச் சொல்லை ஆஸ்பத்திரியில் மட்டும் பயன்படுத்துகிறேன்.

இனியாவுக்கு ஆறு மாதமாக இருந்தபோது ஒரு காலையில் எழுப்பினோம், எழவில்லை. உடம்பில் சர்க்கரையே இல்லை என்றார்கள். ஊசியில் ஏற்றி எழுப்பினார்கள். அப்போதுதான் நோய் தெரிந்தது. டாக்டர் கலைவாணி என்னைத் தனியாக உட்காரவைத்து, சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டார். அத்தை மகள் என்றேன். அத்தை கட்டியது யாரை என்றார். அவளுடைய சொந்தத் தாய்மாமனை என்றேன். அவர் ஒரு தாளில் வட்டமும் சதுரமும் போட்டுக் கோடு இழுத்தார். எங்கள் குடும்பம் நாலு கோட்டில் முடிந்துவிட்டது.

பிறகு இரண்டு விஷயம் சொன்னார்.

முதலாவது சிம்ரனைப் பற்றி. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு இந்த நோய் இருந்தால், சில தாய்மாருக்கு மட்டும், பிரசவ நேரத்தில் ஈரலில் கொழுப்பு இறங்கி அது செயலிழந்துவிடும். சிம்ரனுக்கு நடந்தது அதுவாக இருக்கலாம் என்றார். வீட்டில் எல்லோரும் மஞ்சள் காமாலை என்று நினைத்திருக்கிறார்கள். சாவு வீட்டில் எதிர்வீட்டுப் பெண்மணி ஒருத்தி, தாயை முழுங்கிட்டுப் பொறந்த பிள்ளை என்று சொன்னாள். அத்தை பிணத்தின் தலைமாட்டிலிருந்து எழுந்து போய் அவள் முடியைப் பிடித்துத் தெருவில் தள்ளினாள். இன்றுவரை அந்த வீட்டோடு பேச்சு இல்லை. ஆகவே டாக்டர் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாவது ஒரு கேள்வி. உங்கள் குடும்பத்தில் இதற்கு முன் காய்ச்சல் வந்து திடீரென்று இறந்த குழந்தை உண்டா?

தெரியவில்லை என்றேன்.

தெரியும். அத்தை வீட்டுச் சுவரில் சிம்ரன் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம் இருக்கிறது. பூந்தமல்லி ஸ்டுடியோவில் எடுத்தது. அரைஞாண் கயிறு மட்டும் கட்டிய ஒரு குழந்தை, மேஜைமேல். உதயகுமார். அத்தையின் முதல் பிள்ளை, சிம்ரனுக்கு முந்தியவன். ஒன்பதாம் மாதத்தில் போனவன். அவன் கதை எனக்கு மனப்பாடம். காய்ச்சல் வந்தது. வாந்தி எடுத்தான். வயிற்றைக் காயப் போட்டால் காய்ச்சல் தானாக இறங்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அத்தை காயப் போட்டாள். தாய்ப்பால்கூடக் கொடுக்கவில்லை. மார் கட்டிக்கொண்டது. அவன் அழுதான். பிறகு அழவில்லை. காய்ச்சல் விட்டுவிட்டது, தூங்குகிறான் என்று நினைத்தாள்.

இந்தக் கதையை எப்போது சொன்னாலும் அத்தை ஒரே வாக்கியத்தில்தான் முடிப்பாள். "நான் ஒரு கொறையும் வெக்கல."

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், போன வாரங்களில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததா என்று அத்தையிடம் கேட்டேன். வந்தது என்றாள், சாதாரணமாக. நான் ஷிப்டில் இருந்த ஒரு பகல். லேசாக வாந்தி. காயப் போட்டாளாம், சாயங்காலம் சரியாகிவிட்டதாம். உன்னிடம் சொன்னால் பயந்துவிடுவாய் என்று சொல்லவில்லை என்றாள்.

அப்படிச் செய்யக் கூடாது என்று டாக்டர் எத்தனை முறை சொல்லியிருக்கிறார் என்றேன். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் நான் தவறாமல் கொடுக்கிறேன், ஆனால் காய்ச்சல் வேறு என்றாள். எரிகிற அடுப்பில் விறகு வைப்பார்களா என்றாள். எண் ஏறியிருப்பதைச் சொன்னேன். அது உன் இரும்புக்கு என்றாள். நான் மேலே பேசவில்லை. காரணத்தைச் சொன்னால் கேட்பாள். காரணம் சுவரில் மாட்டியிருந்தது.

அதன் பிறகு பகலில் இரண்டு தடவை போன் செய்வேன். கொடுத்தாயா என்று கேட்பேன். கொடுத்தேன் என்பாள். மாதம் ஒன்று அப்படிப் போயிற்று.

ஒரு திங்கட்கிழமை காலை நான் கிளம்பும்போது இனியாவின் நெற்றி சுட்டது. குடித்த பாலை அப்படியே கக்கினாள். நான் பையைக் கீழே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அதுவரை சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும், டாக்டர் எழுதித் தந்திருக்கிறார் என்றேன். நான் கிண்ணத்தில் கரைத்துக்கொண்டு திரும்புவதற்குள் அத்தை பால் புட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். குழந்தையைத் தோளில் போட்டு முந்தானையால் மூடிக்கொண்டு சுவர் ஓரமாகப் போய் நின்றாள்.

"ஒரு வேள காயட்டும். அப்பறம் போலாம்."

"குடு அத்தை."

"ரெண்டு பெத்தவ நானு. நீ எத்தினி பெத்த? கக்கற கொயந்தைக்கு ஊத்திகினே இருந்தா மூச்சு மேல ஏறிக்கும். எங்கம்மா சொல்லிகீது. உங்கப்பனையும் அப்டித்தான் வளத்தா."

தெரு நாய்க்குக்கூடக் காய்ச்சல் வந்தால் தின்னாது, அதற்கு எந்த டாக்டர் சொன்னார் என்றாள். வேறு ஒரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். நான் கையை நீட்டினேன். அவள் குழந்தையை இன்னும் இறுக்கினாள். பிடுங்கினால் குழந்தைக்கு அடிபடும். முந்தானைக்கு வெளியே இனியாவின் கால் தொங்கியது. கிள்ளினால் இழுத்துக்கொள்வாள். கிள்ளினேன். மெதுவாகத்தான் இழுத்தாள்.

இன்றைக்குப் பிடுங்கிவிடலாம். நாளைக்கு நான் அம்பத்தூரில் இருப்பேன்.

"உதயாவுக்கும் இதான் அத்தை" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.

சொன்னேன். நின்றபடியே, கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு. டாக்டர் போட்ட வட்டமும் சதுரமும் பற்றி. அவளுக்கும் மாமாவுக்கும் ஒரே வழியில் இது வந்திருப்பது பற்றி. அவனைக் கொன்றது காய்ச்சல் இல்லை என்று. அந்த வாக்கியத்தை அதற்குமேல் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையில்லாமல் போயிற்று. வாசலில் ஆட்டோ துடைத்துக்கொண்டிருந்த மாமாவின் கை நின்றது. அவர் உள்ளே வரவில்லை. ஆட்டோவின் பின் சீட்டில், பயணி மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

அத்தை சுவரைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தாள்.

"இன்னாது அது?"

"சக்கரத் தண்ணி."

"அவ்ளோதானா?"

நான் கிண்ணத்தை அவள் பக்கம் நீட்டினேன்.

"சக்கர இருந்துச்சு நைனா, ஊட்ல" என்றாள்.

பிறகு முந்தானையை விலக்கினாள். தரையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் கிடத்தினாள். அலமாரியிலிருந்து குழந்தைக்குப் புகட்டும் பாலாடையை எடுக்கச் சொன்னாள். இனியா முதல் மடக்கைக் கக்கினாள். அத்தை துடைத்துவிட்டு இன்னொரு மடக்கு கொடுத்தாள். ஆட்டோவிலும் கொடுத்துக்கொண்டே வந்தாள். குமணன்சாவடி சிக்னலில் நின்றோம். பக்கத்து பஸ்ஸிலிருந்து ஒரு அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, கக்கற பிள்ளைக்கு ஏம்மா திணிக்கிற, கொஞ்சம் காயப் போடு என்றாள். அத்தை நிமிரவில்லை. எதிர்வீட்டுக்காரியைத் தெருவில் தள்ளியவள், பாலாடையை இன்னொரு முறை நிரப்பினாள்.

ஆஸ்பத்திரியில் ஊசியில் சர்க்கரை ஏற்றினார்கள். மூன்றாம் நாள் இனியா என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கடித்தாள். நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். அத்தை வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை.

அதன் பிறகு வீடு மாறிவிட்டது. அத்தைக்குப் போனில் அலாரம் வைக்கத் தெரியாது. கற்றுக்கொண்டாள். நான் பகலில் போன் செய்வதற்கு முன் அவளே செய்வாள். பால் குட்சுகினா என்பாள், வைத்துவிடுவாள். பால் புட்டி, தனி எண்ணெய், அளவு கரண்டி எல்லாம் ஒரு தட்டில் வரிசையாக இருக்கும். அந்தத் தட்டை மாமா தொட்டால் திட்டுவாள். உதயாவின் கதையை அவள் சொல்லி நான் கேட்கவில்லை. ஒரு குறையும் வைக்கவில்லை என்ற வாக்கியமும் வரவில்லை. சுவரில் சிம்ரன் படத்துக்கு வெள்ளிக்கிழமை பூ மாற்றுவாள். பக்கத்துப் படத்துக்கும் மாற்றுவாள். இப்போது அதை மாற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

சிம்ரனைப் பற்றி அவள் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். உதயாவுக்கும் இனியாவுக்கும் கோடு இழுத்தவள், நடுவில் இருந்தவளுக்கு இழுக்க எவ்வளவு நேரம் ஆகும்? கேட்டால் மஞ்சள் காமாலை என்று சொல்ல வைத்திருந்தேன். கேட்கவில்லை.

அடுத்த ரத்த அட்டைக்கு முடிவு வந்தது. "சிம்ரன்" என்று நர்ஸ் கூப்பிட்டார். எழுந்தேன். பாயிண்ட் ஆறு. முதல் முறையாக இந்த அளவுக்கு இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர். வீட்டில் பார்த்துக்கொள்பவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், நன்றாகச் செய்கிறார் என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை அடுப்படியில் இனியாவின் பால் மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ?" என்றாள், திரும்பாமல்.

"பாயிண்ட் ஆறு. எறங்கிடுச்சு. நல்லா பார்த்துக்கிறீங்கன்னு டாக்டர் சொன்னாங்க."

அவள் கட்டியில்லாமல் கரைத்து முடித்தாள். கரண்டியைக் கழுவினாள். அதைத் தட்டில் அதன் இடத்தில் வைத்தாள்.

"உதயாவுக்கு எவ்ளோ இருந்திருக்கும்?"

அவன் ரத்தம் எந்த அட்டையிலும் ஊறியதில்லை. அவன் இறந்தபோது நான் பிறக்கவில்லை. தெரியாது என்பதுதான் பதில். தெரியாது என்று சொல்லி நிறுத்தினால், அவளே யோசிப்பாள். தனி எண்ணெய் இல்லாமல், அலாரம் இல்லாமல், தாய்ப்பாலில் ஒன்பது மாதம் அந்த மேஜைமேல் உட்காரும் அளவுக்கு வளர்ந்தவன். இனியாவைவிட அவனுக்குக் குறைவாகவே இருந்திருக்கலாம். ஒரு கிண்ணம் போதுமாக இருந்திருக்கலாம். இதை நான் பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்திருக்கிறேன். அவள் யோசிக்க வேண்டாம்.

"பத்து" என்றேன்.

"பத்தா?"

"பத்துக்கு மேலகூட இருக்கும். அவ்ளோ ஏறிட்டா எது குடுத்தாலும் உயிர் நிக்காது அத்தை. சக்கரத் தண்ணி குடுத்திருந்தாலும் நின்னிருக்க மாட்டான்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நீண்ட பார்வை. என் அப்பாவின் கண்கள் அவளுக்கு.

"யாரு அளந்தது?"

"கணக்கு இருக்கு."

"டாக்டரம்மா சொல்லிச்சா?"

"ம்."

அலாரம் அடித்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய் அதை நிறுத்தினாள். குழந்தையை எழுப்பினாள்.

நான் சட்டையைத் துவைத்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கொடியில் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது கீழே மாமாவின் ஆட்டோ வந்து நின்றது. அத்தை வெளியே வந்தாள். கையில் பாலாடை இருந்தது.

"நம்ம உதயாவுக்குப் பத்து இருந்துச்சாம்" என்றாள்.

"பத்துன்னா?"

"இதுக்கு ஆறு பாயிண்ட்டாம். அவனுக்குப் பத்து. குடுத்தாலும் நின்னிருக்க மாட்டானாம்."

மாமா பின் சீட்டுக்கு அடியிலிருந்து துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.